உதில மட்டும்

அந்த அக்காவிடம் எங்கே போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "உதில மட்டும்." இங்கே பக்கத்தில் ஓரிடம் வரைக்கும் என்று அர்த்தம். கழிப்பறைக்குப் போனாலும் உதில. லாஞ்சில் ஏறிக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வெருகல் பக்கத்தில் இருக்கிற தன் ஊருக்குப் போனாலும் அதே உதில. விரலை நீட்டிக்கூடக் காட்ட மாட்டார். நாடியை ஓர் அங்குலம் உயர்த்துவார். அந்த நாடி, நாங்கள் நிற்கிற இடத்துக்கும் அடிவானத்துக்கும் நடுவில் எங்கேயோ ஓரிடத்தைக் காட்டும். கேட்டவர் அதோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும்.

என் வேலையோ, அவர் எங்கே போக விரும்புகிறார் என்று கேட்டுக் கொம்பியூட்டரில் பதிவது. ஏழு மாதம் கேட்டேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த தெருவொன்றில், பொய்க்கால் செய்து கொடுக்கும் நிலையம் ஒன்று இருந்தது. சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வருடங்கள். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்தேன். வீட்டில் சும்மா இருக்க எனக்கு ஏலாது. கொம்பியூட்டர் வகுப்பில் முதலாவதாக வந்த கெட்டித்தனத்தைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். நிலையத்தை நடத்திய வெளிநாட்டு நிறுவனம் அப்போதுதான் ஒரு புரோகிராமை அனுப்பியிருந்தது. கால் இழந்தவர் தன் இலக்கைத் தானே தீர்மானிக்க வேண்டும், வைத்தியர் தீர்மானிக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. அதைக் கேட்ட நிமிடமே எனக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. மூன்று கிழமை இருந்து எல்லாத் திரைகளையும் பாமினி எழுத்துருவில் தமிழாக்கினேன்.

உங்கள் இலக்கு என்ன? அதை அடைந்தால் எங்கே போவீர்கள்? எத்தனையாம் திகதிக்குள்? உங்களுக்கு யார் உதவுவார்கள்? பத்துக்கு எத்தனை நம்பிக்கை? இவ்வளவுதான். எல்லாப் பெட்டிகளையும் நிரப்பினால் திரையின் அடியில் ஒரு பட்டை வரும். சிவப்பில் தொடங்கும், பிறகு மஞ்சளாகும், நம்பிக்கை இலக்கம் பத்தை நெருங்க நெருங்கப் பச்சையாகும். பக்கத்தில் ஒரு சின்னப் படமும் போடலாம். கடைக்குப் போக ஆசைப்பட்டவருக்குக் கடை, சைக்கிள் ஓட ஆசைப்பட்டவருக்குச் சைக்கிள். ஒரு பெட்டியை வெறுமையாக விட்டாலும் புரோகிராம் 'டொங்' என்று கத்தி, அடுத்த திரைக்குப் போக விடாது.

இது விளையாட்டுக் காரியம் அல்ல. முதலில் எல்லோருக்கும் கொடுப்பது தற்காலிகக் கால். பாரமானது, வாரால் இறுக்கிக் கட்டுவது. நிரந்தரக் கால் வேண்டுமென்றால் இலக்கு பதிவாகியிருக்க வேண்டும், பட்டை பாதித் தூரமாவது போயிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து எல்லாப் பட்டைகளையும் பார்ப்பார். இரண்டு முறை பார்த்தும் வெறும் பெட்டியாக இருந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். காத்திருந்தவர்களின் வரிசை அவ்வளவு நீளம். மூடினால் அந்த ஆளுக்கு நிரந்தரக் கால் இல்லை.

அக்காவுக்கு ஐம்பது வயது நெருங்கியிருக்கும். மெலிந்த, நெடிய உடம்பு. மழையோ வெயிலோ, சாயம் போன ஊதாக் குடையொன்று கமக்கட்டில் இருக்கும். விரித்து நான் கண்டதில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி. இதையும் அவர் வாயால் சொல்லவில்லை, கோப்பில் இருந்தது. எப்படி நடந்தது என்று நான் கேட்டபோது, "போச்சு" என்றார். அவ்வளவுதான் அந்தக் கதை.

முதல் நாள் கதிரையை இழுத்துப் போட்டு, திரையை அவர் பக்கம் திருப்பிவைத்து, பெரிய ஆர்வத்தோடு தொடங்கினேன்.

"அக்கா, இந்தக் காலோட நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுறீங்கள்?"

"நடக்கத்தான்."

"ஓம். எங்க நடக்க?"

"உதில."

"உதில எண்டா எவ்வளவு தூரம்? நூறு மீற்றர்? ஒரு மைல்?"

"தேவைக்கேத்த மாதிரி."

"சரி, எத்தனையாம் திகதிக்குள்ள?"

"பாப்பம்."

"வீட்டில ஆர் உங்களுக்கு உதவி?"

"ஆக்கள் இருக்கினம்."

டொங், டொங், டொங். நான் கடைசிக் கேள்விக்குத் தாவினேன். இலக்கம்தானே, இதிலாவது தப்ப ஏலாது என்று நினைத்தேன்.

"பத்துக்கு எத்தனை நம்பிக்கை, அக்கா?"

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை சொன்னா உமக்குச் சரி, பிள்ளை?"

"எனக்கில்லை அக்கா. உங்கட நம்பிக்கையைத்தான் கேக்குது."

"அதுதான். நீர் எதிர்பாக்கிறதைச் சொல்லும். நான் அதைச் சொல்லுறன்."

அடுத்த கிழமை வந்தபோது, நான் வாய் திறக்க முதலே, "கோயிலுக்குப் போகோணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோபுரப் படமொன்றைத் தேடிப் போட்டு, திருவிழாவுக்கு முதல் நடந்து போவது என்று திகதியும் குறித்தேன். அதற்கடுத்த கிழமை, எத்தனை படி ஏற வேண்டியிருக்கும் என்று விசாரித்தபோது, "கோயிலோ? ஆர் சொன்னது?" என்று கேட்டார். பொய் சொல்கிறவரின் முகமல்ல அது. நான்தான் ஏதோ கனவு கண்டுவிட்டு வந்து கேட்கிறேன் என்று என்னில் இரக்கப்படுகிற முகம்.

பிறகு ஆடு. ஆடு மேய்க்கப் போக வேண்டும் என்றார். புல்வெளி, கரடுமுரடான நிலம், ஒருநாளைக்கு இரண்டு மணித்தியாலம். இவ்வளவு விபரத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கோபுரத்தை அழித்துவிட்டு ஆட்டைப் போட்டேன். கொம்பு வைத்த, கழுத்தில் மணி கட்டிய நல்ல ஆடு. பட்டை சிவப்பில் எட்டிப் பார்த்தது. எங்கள் பிசியோ சேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஆட்களின் முகத்தைவிட அவர்களின் கால்களைத்தான் அவருக்கு நன்றாகத் தெரியும். "ஆடோ," என்றார். "அப்ப பள்ளத்தில நடக்கவும் பழக்கோணும்." மணல் கொட்டி மேடு பள்ளமெல்லாம் செய்து வைத்தார். பதினைந்து நாள் கழித்து, ஆடு எப்படி இருக்கிறது என்று அன்பாகத்தான் கேட்டேன்.

"எனக்கேது ஆடு?" என்றார் அக்கா.

நான் போய் ஆட்டை அழித்தேன். அழிக்கும்போது அந்த விசையை எவ்வளவு பலமாகக் குத்தினேன் என்பது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் திடீரென்று மற்றவர்கள் எல்லோரும் அற்புதமாகப் பதில் சொல்லத் தொடங்கினார்கள். உப்புவெளியிலிருந்து வந்த மீனவர் சொன்னார்: "வீட்டில இருந்து கேற் வரைக்கும், நூறு மீற்றர், ஒரு மாசத்துக்குள்ள, மனிசி உதவி, பத்துக்கு ஏழு." நான் கேள்வியே கேட்டிருக்கவில்லை. அடுத்து வந்த ஆச்சியும் நூறு மீற்றர், ஒரு மாதம், ஏழு. குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த கூலித் தொழிலாளிக்கு வீடே தகரக் கொட்டில்தான், கேற் கிடையாது. அவரும் கேற் வரைக்கும் நடக்க ஆசைப்பட்டார். மனிசி உதவி என்றார். கோப்பைப் பார்த்தால் ஆள் கலியாணமே செய்யவில்லை.

"இதெல்லாம் ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

அவர் வெளியே ஆட்கள் காத்திருக்கிற வாங்கைத் திரும்பிப் பார்த்தார். அங்கே குடையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா இருந்தார். எந்தப் பதிலுக்குப் பட்டை சீக்கிரம் பச்சையாகிறது என்று கதவருகில் இருந்தே பார்த்துப் படித்துவிட்டார். தனக்கு ஒரு பெட்டியும் நிரப்பாதவர் ஊருக்கெல்லாம் நிரப்பிக் கொடுத்திருந்தார். ஐந்துக்குக் கீழே சொன்னால் மேலதிகக் கேள்வி வரும், ஒன்பது சொன்னால் ஏன் இன்னும் வருகிறாய் என்று கேட்பார்கள், ஏழுதான் பாதுகாப்பு என்று வகுப்பே எடுத்திருக்கிறார்.

"அக்கா, இது அவையவையின்ர சொந்த இலக்காக இருக்கோணும்."

"அவைக்குக் கால் வருமெல்லோ?"

"வரும்."

"பிறகென்ன?"

இந்தக் கட்டத்தில்தான் நான் ஒரு பிழையைச் செய்தேன்.

நடைப்பயிற்சிக்கு இரண்டு பக்கமும் கைபிடிக் கம்பி போட்ட ஒரு பாதை இருந்தது. மற்றவர்கள் அதில் பத்துத் தரம் போய் வருவார்கள். அக்கா இரண்டு தரம் போவார். பிறகு நடுவில் நின்று, கம்பியிலிருந்து கைகளை எடுத்து, வலது காலில் கொக்குப் போல நின்றபடி வாரை அவிழ்ப்பார். காலைக் கழற்றுவார். கொஞ்சம் அப்படியே நிற்பார். திரும்பவும் மாட்டிக் கட்டுவார். இரண்டடி நடந்து மறுபடி கழற்றுவார். ஒருநாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தரம். சேர் அப்போது கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார். நானே யோசித்தேன்: கால் கடிக்கிறது, அதனால்தான் கழற்றுகிறார். கேட்டால் "ஒண்டுமில்லை" என்றார். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம் எடுக்கிற அளவுக்கு நான் வந்திருந்தேன். கேள்விகளுக்கு வெளியே, வேலை செய்கிற எங்களுக்கென்று இருந்த 'தடைகள்' என்ற பெட்டியில் 'கால் பொருந்தவில்லை' என்று அடித்தேன். புரோகிராம் அதைத் தானாகவே பட்டறைப் பட்டியலில் சேர்த்தது. பட்டறையில் காலை வாங்கி வைத்துக்கொண்டு, புதிதாக அச்செடுக்க நாள் குறித்தார்கள். அக்கா மூன்று கிழமை ஊன்றுகோலில் போய் வந்தார்.

அவர் என்னை ஏசவில்லை. "கொம்பியூட்டர்ப் பிள்ளை, நீர் நல்லாத்தான் பாக்கிறீர்" என்றார். வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அதை நான் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

கால் திரும்பி வந்த அன்று, வெள்ளைக்கார அம்மாவின் இரண்டாவது பார்வைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. முதல் பார்வையில் அவருடைய பெட்டிகள் வெறுமை. இந்த முறையும் வெறுமையென்றால் கோப்பு மூடப்படும். சமாதானமும் தேயத் தொடங்கியிருந்தது. எடுத்துவிட்ட சென்றிகளை, ஆட்களை மறித்துச் சோதிக்கிற காவலரண்களை, மறுபடி போட்டிருந்தார்கள். எனக்கு அன்று மூதூரில் இரண்டு வீடுகளுக்குப் போய் ஆட்களைப் பார்க்கிற வேலை. மடிக்கொம்பியூட்டரைப் பையில் போட்டுக்கொண்டு மத்தியான லாஞ்சுக்காக ஜெட்டிக்குப் போனேன். ஜெட்டி வாசலில் இருந்த சென்றியில், பெண்களின் வரிசையில் எனக்கு நாலைந்து பேருக்கு முன்னால் ஊதாக் குடை தெரிந்தது.

எனக்கு முன்னால் கூடையில் கோழிக்குஞ்சு வைத்திருந்த ஒரு மனிசி, பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கால் இல்லாத ஆளெண்டா இண்டைக்கு லாஞ்சைத் தவறவிட்ட மாதிரித்தான்."

"இவவெண்டா பயமில்லை. கெதியாக் கழட்டுவா."

"போன முறை ஒரு பிள்ளை நிலத்தில குந்தியிருந்து கழட்டினவள். என்னத்துக்கு இருந்தனி, என்னத்தை ஒளிச்சனி எண்டு அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போட்டினம். லாஞ்ச் போன பிறகுதான் விட்டவை. அண்டைக்கு எங்களையும் மறிச்சுப் போட்டாங்கள்."

அக்காவின் முறை வந்தது. அடையாள அட்டையை நீட்டியபடி, சீருடைப் பெண் வாய் திறக்க முதலே சொல்லத் தொடங்கினார். பெயர், ஊர், விதானைப் பிரிவு, அட்டை இலக்கம், திருகோணமலைக்கு வந்த காரணம், வீட்டில் யார் யார், போகிற லாஞ்ச், அடுத்த முறை வரப்போகிற திகதி. ஒன்றும் விடவில்லை. ஏழு மாதம் நான் தவமிருந்து கேட்டது முழுவதையும் ஒரே மூச்சில் அங்கே கொட்டினார். சொல்லிக்கொண்டே குடையைக் கமக்கட்டில் இறுக்கி, ஒற்றைக்காலில் நின்று, வாரை அவிழ்த்துக் காலைக் கழற்றிக் கொடுத்தார். அந்தப் பெண் உள்ளே கையை விட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிடித்துக்கொள்ள அந்த இடத்தில் ஒரு கம்பியும் இல்லை, மேசை தள்ளி இருந்தது. அக்கா அசையவில்லை. காலை வாங்கி மாட்டிக் கட்டிவிட்டு நடந்தார். கோழிக்காரி முகத்தைத் துடைத்துக் கைலேஞ்சியை மடித்து முடிக்கவில்லை, அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

லாஞ்சில் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். இயந்திரச் சத்தத்தில் கொஞ்சம் உரத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"அக்கா, உதையோ இவ்வளவு நாளும் பழகினனீங்கள்?"

"எதை?"

"நிண்டுகொண்டு கழட்டுறதை."

"ஓ. உது."

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே. கால் கடிக்குது எண்டு நினைச்சு மூண்டு கிழமை உங்களைக் காலில்லாம வைச்சிட்டன்."

"நீர் கேட்டது நான் எங்க போறன் எண்டெல்லோ."

எனக்குக் கோபம் வந்தது. "அவைக்கு மட்டும் எல்லாம் சொன்னனீங்கள். திரும்பி வாற நாள் கூடச் சொன்னனீங்கள்."

"அங்க சொல்லத்தான் வேணும், பிள்ளை." குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "உம்மட்டையும் சொல்லோணுமோ?"

"சொல்லத்தான் வேணும். சொல்லாட்டி வாற கிழமை கோப்பை மூடிப்போடுவினம். நிரந்தரக் கால் வராது."

"அப்ப நீரும் ஒரு சென்றிதான்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையிலிருந்த மடிக்கொம்பியூட்டர் தொடையில் சுட்டுக்கொண்டிருந்தது. அதன் கேள்விகளைத் தமிழாக்கியவள் நான்தான்.

மூதூரில் இறங்கும்போது, "என்னத்தைத்தான் எழுத?" என்று கெஞ்சிக் கேட்டேன்.

"நீர் ஏதும் போடும்" என்றுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் சேர் கொழும்பிலிருந்து வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய், அலுமாரியிலிருந்த இன்னொரு தற்காலிகக் காலை எடுத்து, வாரை ஒரு கையால் அவிழ்த்துப் பார்த்தார். ஏலவில்லை. மறுபடி முயன்று பார்த்தார்.

"நிரந்தரக் காலுக்கு வார் வேண்டாம்" என்றார். "கொளுக்கி போடுவம். ஒரு கையால தட்டினாத் திறக்கிற மாதிரி. உள்ளுக்குப் பாக்கிறதுக்கும் லேசா இருக்கட்டும்." பிறகு கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆனா சென்றி எண்ட சொல்லைக் கொம்பியூட்டரில எழுதாதையும். நாளைக்கு ஆர் வந்து திறந்து பாப்பினமோ தெரியாது."

இருந்து அடித்தேன். இலக்கு: நின்றபடி, எதையும் பிடிக்காமல், காலைக் கழற்றி மாட்டுதல். திகதி: பார்வை நாள். உதவி: ஆட்கள் இருக்கிறார்கள். எங்கே போவீர்கள் என்ற பெட்டியில் வெகுநேரம் கையை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு 'உதில மட்டும்' என்று போட்டேன். நம்பிக்கைக்குப் பத்துப் போட்டேன். பட்டை அங்கேயிங்கே நிற்காமல் நேரே பச்சைக்குப் பாய்ந்தது. 'வாழ்த்துகள். இலக்கு நிறைவேறியது. கோப்பை மூடலாமா?' என்று கேட்டது.

"ஐயோ, மூட விடாதையும்" என்றார் சேர். "குறைச்சுப் போடும்."

பத்தை அழித்தேன். எந்த இலக்கம் பாதுகாப்பு என்று எனக்கும் தெரிந்திருந்தது. ஏழு போட்டேன்.

வெள்ளைக்கார அம்மா வந்து ஒவ்வொரு பட்டையாகப் பார்த்தார். கேற் வரைக்கும் நடக்க ஆசைப்பட்டவர்களின் தொகை அவரைக் கொஞ்சம் வியக்கவைத்தது. அக்காவின் திரையில் நின்று, நான் வாசித்துக் காட்டிய இந்த 'உதில' என்கிற இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சேர் நிமிராமலே, "பக்கத்திலதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா அதைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அடுத்த திரைக்குப் போனார்.

நிரந்தரக் கால் இரண்டு மாதத்தில் வந்தது. அக்கா கைபிடிக் கம்பிகளுக்கு நடுவில் நின்று ஒரு தட்டுத் தட்டினார், கால் கையில் இருந்தது. இன்னொரு தட்டு, கால் காலில் இருந்தது. மூன்று தரம் செய்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றோ, இல்லை என்றோ சொல்லவில்லை. தற்காலிகக் காலைப் பழைய சீலைத் துண்டொன்றில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார், அதை என் மேசையில் வைத்தார்.

"இனி எப்ப வருவீங்கள்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"பாப்பம்."

கேற் வரைக்கும் போனவர் நின்று திரும்பினார். "நேரத்தோட போகோணும், பிள்ளை. ஆடு கத்தும்."

"எந்த ஆடு?"

"நீர்தானே படம் போட்டனீர்" என்றார். குடையைக் கமக்கட்டில் இறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அதற்குப் பிறகு சண்டை தொடங்கியது, லாஞ்ச் நின்றது. குடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் நிலையத்துக்கு வரவில்லை. புரோகிராம் மட்டும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்காவின் பெயரைத் திரையில் கொண்டுவந்து, இலக்கை அடைந்தாரா என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஓம் என்றால் கோப்பை மூடும். இல்லை என்றால் சிவப்பாக்கும். ஒவ்வொரு திங்களும் இரண்டையும் தொடாமல் தள்ளிவைத்தேன்.

ஒரு திங்கள் மட்டும் அந்தக் கோப்பைத் திறந்து, ஆட்டைத் தேடியெடுத்து மறுபடி போட்டேன். கறுப்பா, வெள்ளையா என்றாவது கேட்டு வைத்திருக்கலாம். கேட்டிருந்தாலும் அந்த மனிசி சொல்லியிருக்காது.